முகஜாடை

இந்தத் தெருவில் முதன்முதலாக ஃபிரிட்ஜ் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். கல்லூரியில் பாடம் நடத்திய துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது எத்தனையோ பேர் கேட்டும் கொடுக்காமல் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். வெள்ளை எனாமல் பூசியது. கைப்பிடியை அழுத்தி மூடினால் பாங்கியில் பெட்டகம் மூடுகிற சத்தம் வரும். கிழக்குத் தாம்பரத்தில் யாருக்குக் காய்ச்சல் தலைக்கேறினாலும் ஐஸ் கேட்டு இங்கேதான் வருவார்கள். நான் ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

நீங்கள் உட்காருங்கள், டாக்டர் நாகலக்ஷ்மி. அந்த நாற்காலி வேண்டாம், இன்னும் சற்று நேரத்தில் அங்கே வெயில் வந்துவிடும். இதில் உட்காருங்கள். நான் நிற்கிறேன். தலைமை ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நின்றால்தான் எனக்குப் பேச்சு வரும். உள்ளே கேட்கிற அந்தச் சத்தத்தைப் பொருட்படுத்த வேண்டாம். அது நின்று நின்று கேட்கும்.

நீங்கள் சுகாதார இலாகாவுக்கு என்ன எழுதப்போகிறீர்கள் என்று எங்கள் போதகர் சொன்னார். முகாமில் பிள்ளைகளுக்குப் போட்ட சொட்டு மருந்து பலிக்காமல் போனதற்கு, அதை முந்தின நாள் வைத்திருந்த வீட்டின் ஃபிரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை என்பது காரணமாம். இந்த வேதசிரோமணி வீட்டு ஃபிரிட்ஜ் பழுதாம். நர்ஸ் அமலராணியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். அது உங்கள் இலாகா விஷயம். ஃபிரிட்ஜ் எங்கள் வீட்டு விஷயம். அதைத் திருத்துவதற்காகத்தான் உங்களை வரச்சொன்னேன். என் மருமகள் சரோஜினி பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புவதற்குள் முடித்துவிடலாம்.

ஆனால் ஃபிரிட்ஜைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் எங்கள் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

எங்கள் குடும்பத்தில் சொன்னதைத் திரும்பப் பெறுகிற வழக்கம் இல்லை. என் தகப்பனார் சபையில் உபதேசியாராக இருந்தார். ஒரு கல்யாணத்தில் பாட்டு எண்ணைச் சொல்லும்போது, தவறுதலாக அடக்க ஆராதனைப் பாட்டின் எண்ணைச் சொல்லிவிட்டார். சபையார் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் எண்ணை மாற்றவில்லை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் முன்னால் நிறுத்திக்கொண்டு சாவுப் பாட்டைக் கடைசி அடிவரை பாடி முடித்தார்கள். அந்தத் தம்பதி நன்றாகவே வாழ்ந்தார்கள். சொன்னவர் தடுமாறியிருந்தால்தான் அது அபசகுனம் ஆகியிருக்கும் என்று என் தகப்பனார் பிறகு சொன்னார். அந்தப் பாடத்தை நான் மறந்ததில்லை.

என் மகன் லாசரஸ் டாக்டருக்குப் படித்தான். வைத்தியம் பார்த்துப் பேர் வாங்கியிருக்கலாம். அவன் ஆராய்ச்சிக்குப் போனான். ஓர் அறக்கட்டளை நடத்திவந்த சிறிய ஆய்வுக்கூடம் ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது, இப்போது மூடிவிட்டார்கள். அங்கே இளம்பிள்ளை வாதத்தைப் பற்றி வேலை பார்த்தான். அந்த வைரஸில் மூன்று ரகம் உண்டு என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒரு ரகத்துக்கான சொட்டு மருந்தைப் பிள்ளைக்குக் கொடுத்தால் உடம்பில் அந்த ரகத்தைத் தடுக்கும் எதிர்ப்பொருள் உண்டாகும். மற்ற இரண்டு ரகங்களையும் அதே எதிர்ப்பொருள் தடுக்குமா என்பதுதான் அவனுடைய கேள்வி.

எனக்குப் புரியும்படி சொன்னான். "அப்பா, மூணும் ஒரே குடும்பம்னு வெச்சுக்கோங்க. அண்ணன் தம்பி மூணு பேர். வாசல்ல நிக்கிற காவல்காரன் ஒருத்தன் முகத்தை நல்லாப் பார்த்துப் பழகிட்டான்னா, மத்த ரெண்டு பேர் வந்தாலும் முகஜாடையை வெச்சே நிறுத்திடுவான்."

முகஜாடை என்ற சொல் எனக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படங்களைப் பாருங்கள். என் தகப்பனார், நான், லாசரஸ். அந்த நெற்றியும் மூக்கும் எங்கே கண்டாலும் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம்.

மாணவர் விடுதி ஒன்றில் இருந்த சிறு பிள்ளைகளுக்கு அவன் ஒரே ஒரு ரகச் சொட்டு மருந்தைக் கொடுத்தான். பிறகு அவர்கள் ரத்தத்தை எடுத்துச் சோதித்தான். கண்ணாடிக் குழாய்களில் குரங்கின் உயிரணுக்களை வளர்த்து, அதில் வைரஸையும் பிள்ளையின் ரத்தத்திலிருந்து பிரித்த நீரையும் சேர்த்துவிடுவார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் உயிரணுக்கள் பிழைக்கும். இல்லாவிட்டால் செத்து மிதக்கும். விடுதிப் பிள்ளைகளின் ரத்தம் மூன்று ரகங்களையும் தடுத்தது. பம்பாயில் ஒரு மகாநாட்டில் இதைச் சொன்னான். பத்திரிகைகளில் படத்தோடு வந்தது. ஏழை நாட்டுக்கு ஒரே மருந்து போதும் என்று எழுதினார்கள்.

சபை மண்டபத்தில் அவனுக்குப் பாராட்டு நடந்தது. தாய்மார்கள் கைக்குழந்தைகளோடு வந்திருந்தார்கள். சிலருக்குத் தயக்கம்; மூன்று ரகத்துக்கும் மருந்து வரப்போகிறதாமே, அதுவரை பொறுத்தால் என்ன என்று ஒரு பெண் கேட்டாள். நான் எழுந்து நின்றேன். "ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு மருந்து, என் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மருந்து என்று இருக்காது. என் பேத்தி சாராளுக்கு எதுவோ அதுதான் உங்கள் பிள்ளைகளுக்கும். இது என் வார்த்தை" என்றேன். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. சேலையூர், இரும்புலியூர், பெருங்களத்தூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். என்னிடம் படித்தவர்கள் தங்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். என் வார்த்தைக்கு அப்படி ஒரு மதிப்பு இருந்தது.

கேட் சத்தம் போலக் கேட்டது. இல்லை, பக்கத்து வீடு.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு லாசரஸின் கல்லூரித் தோழர் பட்டாபிராமன் வந்திருந்தார். சென்னையில் இதே துறையில் இருப்பவர். கேக்கை ரசித்துத் தின்றுகொண்டே, "இதுல முட்டை கிடையாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ சார். ஆத்துல கேட்டா, சார் சொன்னார்னு உங்களைக் கைகாட்டிடுவேன்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்த வாயோடேயே லாசரஸிடம் திரும்பினார்.

"டேய், விடுதிப் பசங்க ரத்தத்தைப் பார்த்துட்டு ஊரைக் கூட்டிட்டியே. ஒரே தொட்டியில குளிச்சு, ஒரே அண்டாவுல மொண்டு குடிச்சு வளர்ந்த பசங்கடா அவா. உன் சொட்டு உள்ளே போறதுக்கு முன்னாலேயே மூணு ரகமும் அவா வயித்துக்குள்ளே வந்து விசாரிச்சுட்டுப் போயிருக்கும். ஆயிரத்துல அஞ்சாறு பேருக்குத்தான் காலை வாங்கும், மத்தவாளுக்கு வந்ததே தெரியாது. அந்த எதிர்ப்பொருளை எல்லாம் நீ உன் கணக்குல எழுதிண்டிருக்கே."

"அப்போ எப்படிப் பார்க்கச் சொல்றே?"

"இந்த மாதிரி ஆத்துக் கொழந்தை ரத்தத்தைப் பாரு. காச்சின தண்ணி, தனி டம்ளர், காம்பவுண்டு தாண்டாத கால். உன் பொண்ணைவிடச் சுத்தமான சோதனைக்குழாய் இந்த மெட்ராஸ்லயே கிடைக்காது."

எனக்கு அந்தப் பேச்சு ரசிக்கவில்லை. ஆனாலும் அவர் சொன்னது உண்மை. சாராளைத் தெருப்பிள்ளைகளோடு நான் விளையாட விட்டதில்லை. கொதிக்கவைத்து ஆற்றி, துணியில் வடிகட்டிய தண்ணீர்தான் கொடுப்போம். ஆயா அஞ்சம்மாளின் பிள்ளைகள் வந்தால் மதிலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். பிள்ளையைச் சுத்தமாக வளர்ப்பது குற்றமாகாது.

லாசரஸ் யாரிடமும் சொல்லாமல் சாராளின் ரத்தத்தை எடுத்துச் சோதித்திருக்கிறான். அப்புறம் ஒரு மாலை, நான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான்.

"அப்பா, முகஜாடை போதல."

"என்ன சொல்றே?"

"சாராள் ரத்தம் ஒரு ரகத்தைத்தான் தடுக்குது. மத்த ரெண்டு குழாய்லயும் எல்லாம் செத்து மிதக்குது. பட்டாபி சொன்னது சரி. நான் சொன்னது தப்பு."

நான் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"மூணு ரகமும் கலந்த மருந்து மெட்ராஸ்ல கிடைக்க ஆரம்பிச்சிருக்கு. எல்லாப் பிள்ளைங்களுக்கும் மறுபடி போடணும்பா. வர்ற ஞாயித்துக்கிழமை சர்ச்சுல நானே எழுந்து சொல்லிடறேன்."

"நீ லண்டனுக்குப் போகப்போறே. உன்னை எதுக்காகக் கூப்பிட்டிருக்காங்க? இந்த வேலைக்காக. போயிட்டு வந்து சொல்லு."

"அதுக்குள்ள எந்தப் பிள்ளைக்காவது வந்துட்டா?"

"இதுவரைக்கும் வந்துதா?"

என் எதிரில் குரலை உயர்த்த அவனுக்குத் தெரியாது. அப்படித்தான் வளர்த்தேன். கடைசியில், "சாராளுக்காவது அந்த மருந்தைப் போட்டுடுங்க அப்பா. அது போதும், நான் போறேன்" என்றான். நான் தலையை அசைத்தேன். வாய் திறந்து சரி என்று சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

கொஞ்சம் இருங்கள், அந்த ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். விமானப்படைத் தளத்தில் பிற்பகலானால் விமானம் ஓட்டப் பழக ஆரம்பித்துவிடுவார்கள். தலைக்கு மேலேயே சுற்றும்.

லாசரஸ் கப்பலேறிய பிறகு, கோடை விடுமுறைக்கு முன்னால் சரோஜினி மின்சார ரயிலில் மவுண்ட் ரோடு வரை போய் மூன்று ரக மருந்தைத் தெர்மாஸில் ஐஸ் போட்டு வாங்கிவந்தாள். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, நாளைக்குச் சாயங்காலம் நர்ஸை வரச்சொல்லியிருக்கேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொல்லியிருக்கேன். பாட்டில் ஃபிரிட்ஜிலதான் இருக்கணுமாம். வெளிய வெச்சா மருந்து செத்துடுமாம்."

"மருந்து எப்படியம்மா சாகும்?"

"உயிரோட இருக்கிற வைரஸ்தானாம் மாமா, பலம் எடுத்தது. சூடு பட்டா போச்சாம்."

அன்று முழுவதும் யோசித்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஒன்றைக் கதவைச் சாத்திக்கொண்டு என் பேத்திக்குக் கொடுப்பதற்கு என்ன பெயர்? நான் மண்டபத்தில் எழுந்து நின்று சொன்ன வார்த்தை என்ன ஆவது? எல்லாருக்கும் கொடுத்துவிடலாம் என்றால் என் மகன் பொய்யன் ஆவான். அவளுக்கு மட்டும் கொடுத்தால் நான் திருடன் ஆவேன். இரண்டும் இல்லாத ஒரு வழிதான் எனக்கு வேண்டியிருந்தது. நிதானமாக யோசித்தால் எதற்கும் ஒரு வழி கிடைக்கும்.

மறுநாள் சரோஜினி பள்ளிக்குப் போன பிறகு பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தேன். மொட்டைமாடியில் மணத்தக்காளி வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. அது இருந்த பித்தளைத் தாம்பாளத்தில் வற்றலை ஒதுக்கிவிட்டு நடுவில் பாட்டிலை வைத்து, மேலே வெள்ளைத் துணி போர்த்தினேன். சித்திரை வெயில். தளத்தில் கால் வைக்க முடியவில்லை. வெயில் சாய்ந்ததும் எடுத்துவந்து ஃபிரிட்ஜில் வைத்தேன். இளஞ்சிவப்பு நிறம் அப்படியேதான் இருந்தது. மாலையில் நர்ஸ் வந்தபோது பாட்டில் ஜில்லென்று இருந்தது. சாராள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டு, இன்னும் வேண்டும் என்று கேட்டாள். இனிப்பாக இருந்ததாம்.

நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. அவளுடைய தாய் வாங்கிவந்த மருந்து, அதே பாட்டிலிலிருந்து, அவள் கண்ணெதிரே கொடுக்கப்பட்டது.

அவளுக்கு ஒன்றும் வராது என்றுதான் நினைத்தேன். காம்பவுண்டுக்குள் எதுவும் வராது. ஆடி மாதம் காய்ச்சல் வந்தது. இரண்டொரு நாளில் விட்டுவிட்டது. ஒரு காலை, அஞ்சம்மாள் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"ஐயா, பாப்பா நிக்க மாட்டேங்குது ஐயா. எறக்கி வுட்டா எடது காலு துணி மாதிரி தொங்கினு கீது."

"எங்கே போட்டே?"

"நான் எங்க ஐயா போட்டேன்? ஜொரம் அடிச்சதுலேந்து என் இடுப்ப வுட்டே எறங்கல. எங்க பேட்டையில ஒரு புள்ளைக்கு இப்டித்தான் வந்துச்சு. இது அந்த வாதந்தான் ஐயா. பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு பூடலாம்."

அந்த வார்த்தையை அவள் வாசலுக்குக் கேட்கும்படி சொன்னாள். அப்போது தெருவில் பால்காரர் நின்றுகொண்டிருந்தார். எங்கள் வீட்டில், லாசரஸின் மகளுக்கு, அந்த நோய். நான் குரலை உயர்த்தவில்லை. "பிள்ளையைக் கீழே போட்டுவிட்டு நோய் என்று சொல்கிறாயா" என்று கேட்டேன். பால்காரர் கேட்டார். எதிர்வீட்டு அம்மாள் கேட்டார். மத்தியானத்துக்குள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது: ஆயா சாராளை ஊஞ்சலிலிருந்து தவறவிட்டுவிட்டாள். ஊஞ்சல் என்று நான் சொல்லவில்லை. அதை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

சரோஜினி அப்போது பரீட்சைப் பேப்பர் திருத்த வெளியூர் போயிருந்தாள். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவரை வரவழைத்தேன். அவர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். முறியாத காலுக்குக் கட்டு. சாராள் அழவே இல்லை. அந்தப் பக்கத்தில் பலம்தான் இல்லை, வலி இருந்திருக்கும்; ஆனாலும் அழவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவளை ஞாயிறு பள்ளிக்கு அனுப்பினேன், மற்றப் பிள்ளைகளோடு பாயில் உட்காரவைத்தார்கள். வீட்டுக்குள் மறைத்துவைத்தால்தான் பேச்சு வரும். அந்த நோய் உடம்பிலிருந்து வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும், தொற்றும் என்று பிறகு நீங்கள்தான் மண்டபத்தில் விளக்கினீர்கள். முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன். லாசரஸ் சொல்லியிருக்கிறானா என்று இப்போது நினைவில்லை.

அஞ்சம்மாளுக்கு இந்தப் பக்கத்தில் வேறு வேலை கிடைக்கவில்லை. பிள்ளையைப் போட்டவளை யார் வைத்துக்கொள்வார்கள்? பள்ளிக்கரணைப் பக்கம் போய்ச் சதுப்பில் கோரை அறுக்கிறாள் என்று கேள்வி. ஒருமுறை ஸ்டேஷனில் தலைச்சுமையோடு என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"ஐயா, பாப்பா நடக்குதா?"

"நடக்கிறாள்" என்றேன்.

"அது போதும் ஐயா. நான் போட்டேன்னே வெச்சிக்கினு போறேன், பரவால்ல."

நான் சொன்னது உண்மைதான். உள்ளே கேட்கிறதே, அந்தச் சத்தம். இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ். நடக்கிறாள்.

சரோஜினி திரும்பிவந்ததும் கட்டை அவிழ்த்துவிட்டுச் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பெரிய ஆஸ்பத்திரியில் நோயின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்து என் எதிரில் நின்று, "மாமா, மூணும் போட்டோமே. ஏன் மாமா?" என்று கேட்டாள். "கர்த்தருடைய சித்தம்" என்றேன். எல்லாமே அவருடைய சித்தம்தானே. அவளும் தெருவில் யாருக்கும் மறுத்துச் சொல்லவில்லை. புருஷனுடைய பேரை நினைத்திருப்பாள்.

லாசரஸுக்கு எழுதினாள். மூன்று ரக மருந்தும் தன் மகளைக் காப்பாற்றவில்லை என்றால் தான் செய்த சோதனைகளில் எதை நம்புவது என்று அவனுக்குக் குழப்பம். ஆராய்ச்சியை விட்டுவிட்டான். இங்கிலாந்தில் ஏதோ ஒரு சிறிய ஊர் ஆஸ்பத்திரியில் இருமலுக்கும் சளிக்கும் மருந்து எழுதுகிறான். திரும்பிவரவில்லை. ஆனால் பாருங்கள், பம்பாயில் அவன் சொன்னது இன்றுவரை திரும்பப் பெறப்படவில்லை. மண்டபத்தில் அவன் படம் இருக்கிறது.

மணி என்ன இருக்கும்? சரோஜினி வருகிற ரயில் இன்னும் வரவில்லை. வந்தால் இங்கே சத்தம் கேட்கும்.

மறு வருஷம் நீங்கள் வந்தீர்கள். அதற்குள் இந்தப் பக்கத்தில் சில பிள்ளைகளுக்குக் கால் போயிருந்தது. எல்லாரும் லாசரஸிடம் ஒரு ரக மருந்து வாங்கியவர்கள். யாரும் எங்களைக் குறை சொல்லவில்லை. மூன்று ரகச் சொட்டு மருந்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் போடப்போகிறோம் என்று மண்டபத்தில் நீங்கள் பேசியபோது நான் முன்வரிசையில்தான் இருந்தேன். நன்றாகப் பேசினீர்கள். என் மகன் பெயரை நீங்கள் சொல்லவில்லை. ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

முகாமுக்கு முந்தின நாள் காலையில் அமலராணி மருந்துப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"சார், ஆஸ்பத்திரியில கரண்ட் நிக்க மாட்டேங்குது சார். போயிட்டுப் போயிட்டு வருது. டாக்டரம்மா உங்க வீட்ல கேக்கச் சொன்னாங்க. உங்க ஃபிரிட்ஜை விட்டா இந்த ஊர்ல எனக்கு யார் சார் இருக்கா?"

"இங்கேயும் கரண்ட் போகுமே அம்மா."

"உங்க ஃபிரிட்ஜு கரண்ட் போனாலும் உங்களுக்குப் பயந்துகிட்டு ஜில்லுனு இருக்கும் சார்."

கெட்டிக்காரப் பெண். அவளே பாட்டில்களை அடுக்கிவைத்துவிட்டுப் போனாள். கதவு மூடுகிற சத்தத்தைக் கேட்டு, "அப்பா, ஜெயில் மாதிரி இருக்கு சார்" என்று சிரித்தாள்.

முகாம் முடிந்து ஒரு மாதத்தில் ராஜகோபால் வீட்டில் அது வந்தது. சேலையூரில் நிலம் நீச்சு வைத்திருந்த பழைய குடும்பம், இப்போது மனைகளாகப் போட்டுவிட்டார். வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை, சம்பத் என்று பெயர். அவனுக்குக் காலோடு நிற்கவில்லை, மூச்சுக்கு ஏறிவிட்டது. நான் துக்கத்துக்குப் போனேன். போகாமல் இருக்கக்கூடாது. ராஜகோபால் எழுந்து எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

"ஒங்க மகன் மருந்தும் வாங்கிக் குடுத்தேன் சார். கவர்மெண்டு மருந்தும் குடுத்தேன். உங்க வூட்டுப் பாப்பாவுக்கே மூணும் போட்டு வந்துச்சாமே, இப்பத்தான் டீச்சரம்மா எங்கூட்டுக்காரிகிட்ட சொல்லி அழுதாங்க. படிச்ச வூட்லயே அப்டின்னா நான் இன்னா சார் பண்ணுவேன்? எந்த மருந்துலயும் ஒண்ணும் இல்ல சார். எழுத்து."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. என் மகனையும் சொல்லவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்தது என்று நினைக்கிறேன்.

டாக்டர், நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள், இனிமேல்தான் எழுதவேண்டியது வருகிறது.

அன்று அமலராணி போனபிறகு நான் பாட்டில்களை எடுத்தேன். அதே பித்தளைத் தாம்பாளம் போதவில்லை. பெரிய தாம்பாளம் ஒன்று, லாசரஸ் கல்யாணத்தில் சீர் வரிசை வைத்தது, அதையும் எடுத்துக்கொண்டேன். இரண்டு தடவையாக மாடிக்குக் கொண்டுபோனேன். வெள்ளைத் துணி போர்த்தி நான்கு மூலையிலும் கல் வைத்தேன், காற்று இருந்தது. அன்றும் நல்ல வெயில். நடுவில் ஒருமுறை போய்த் திருப்பிவைத்தேன், எல்லாப் பக்கமும் படவேண்டும் என்று. வெயில் தாழ்ந்ததும் உள்ளே கொண்டுவந்து அவள் வைத்திருந்த வரிசையிலேயே அடுக்கினேன். மாலையில் அவள் வந்து திறந்து, ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "ஐஸ் மாதிரி இருக்கு சார். உங்களுக்குப் புண்ணியம்" என்றாள்.

காரணம் கேட்பீர்கள். முன்பே சொல்லிவிட்டேன். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்று, என் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று என்று இருக்காது என்று நான் வார்த்தை கொடுத்தேன். என் பேத்திக்கு எதுவோ அதுதான் அவர்களுக்கும். அந்த மருந்து பலித்து நோய் நின்றுபோயிருந்தால், என் மகன் சொன்னது தப்பு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளை ஓடி ஆடி விளம்பரம் செய்துகொண்டிருக்கும். சாராள் ஜன்னலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது நியாயமா? எல்லாருக்கும் ஒன்றுபோல நடந்தது. இப்போது யாரும் யாரையும் சுட்டிக்காட்ட முடியாது.

வேண்டுமானால் என் பெயரைப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். லாசரஸ் பெயர் வேண்டாம். அமலராணியை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்வதும் எடுக்காததும் உங்கள் விருப்பம். அவள் ஒரு தவறும் செய்யவில்லை, உங்கள் விசாரணையில் ஃபிரிட்ஜ் சரியில்லை என்று சொன்னதைத் தவிர.

ரயில் வந்துவிட்டது. கேட் திறக்கிற சத்தம், இது எங்கள் கேட்தான். சரோஜினிக்கு வந்தவுடன் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், நான்தான் எடுத்துவைப்பேன். நீங்களும் கூட வாருங்கள், டாக்டர். பார்த்து வாருங்கள், சாராள் நடுவில் நிற்கிறாள். தள்ளிக்கொள் அம்மா, டாக்டருக்கு வழி விடு. இதோ, ஃபிரிட்ஜில் இந்தத் தட்டில் கையை வையுங்கள். எப்படி இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். பழுது என்று எழுதியதை அடித்துவிடுங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது. எங்கள் வீட்டில் எதுவும் கெட்டுப்போனதில்லை.